சரியான தீர்ப்பு, தவறான காரணம்: சிறார் நாவல் ஒன்றை முதற்பரிசுக்கு எடுத்துக்கொள்வது பற்றிய நிகழ்வு ஆய்வு

கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் இடையிலுள்ள கடற்கரை ஊர்களுள் ஒன்றில், கிளை நூலகத்தைச் சார்ந்து இயங்கும் வாசகர் வட்டம் ஒன்று ஆண்டுதோறும் தமிழ் நூல்களைத் தேர்ந்தெடுத்துப் பரிசளித்து வருகிறது. பரிசு பெரிதன்று, வளைகுடா நாடுகளிலும் மலேசியாவிலும் தொழில் செய்யும் உள்ளூர்க் குடும்பங்கள் சில தரும் நன்கொடையிலிருந்து ஒரு தொகை, ஒரு பொன்னாடை, ஒரு கேடயம், அவ்வளவுதான். நடுவர் கூட்டங்கள் மீன்பிடித் தடைக்காலமாகிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள்களுக்குள் நடைபெறுகின்றன. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்நாள்களில்தான் படகுத் தொழிலில் உள்ள உறுப்பினர்களுக்கு மாலைப் பொழுது வாய்க்கிறது. அண்மையில் ஒரு தடைக்காலத்தில் இவ்வட்டத்தில் எழுந்த கருத்து மோதல், குழந்தைகளிடம் பெரும்புகழ் பெற்ற ஒரு கதைநூல் மிக உயர்ந்த இலக்கியச் சிறப்புக்குத் தகுதியுடையதா என்னும் கேள்வியைச் சிறிய அளவில், ஆனால் எல்லாச் சிக்கல்களுடனும், ஆராய்ந்து பார்க்க இடம் தருகிறது. வட்டத்தின் செயலாளர் என்ற முறையில் கூட்டக் குறிப்புகளை எழுதியவன் நான். எனக்கு வாக்குரிமை இல்லை. போட்டியிலிருந்த நூல்களின் பெயர்களையும் நடுவர்களின் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

விதியும் அதன் இடைவெளியும்

வட்டத்தின் விதிப்படி இரண்டு பரிசுகள் உண்டு. ஒன்று ‘ஆண்டின் சிறந்த நூல்’. மற்றது ‘சிறார் நூல் பரிசு’. பின்னதன் தொகை முன்னதில் பாதி. இந்தப் பாதிக் கணக்கை வட்டத்தினர் தாமாகக் கண்டுபிடிக்கவில்லை. சாகித்திய அகாதெமி 2010ஆம் ஆண்டு முதல் சிறார் இலக்கியத்துக்கெனத் தனியே வழங்கிவரும் பால சாகித்திய புரஸ்கார் 50,000 ரூபாய் மதிப்புடையது; அதே அகாதெமியின் முதன்மை விருது 1,00,000 ரூபாய். பெரிய வீட்டில் எப்படி நடக்கிறதோ அப்படியே சிறிய வீட்டிலும் நடக்கட்டும் என்று, விதிகளை வகுத்தபோது எவரும் விவாதிக்காமலே எழுதிக்கொண்டார்கள். சிறார் நூல் ஒன்று முதற்பரிசுக்கும் எடுத்துக்கொள்ளப்படலாமா, கூடாதா என்பதை மட்டும் விதி சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டிய தேவை வரும் என்று யாரும் எண்ணவுமில்லை.

தேவையைக் கொண்டுவந்தவர் எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவி. உறுப்பினர் எவரும் ஒரு நூலைப் பரிந்துரைக்கலாம் என்று விதியில் இருந்தது. மாணவ உறுப்பினரும் உறுப்பினரே. அவர் ஒரு துப்பறியும் சாகச நாவலை, சிறார் பரிசுக்கன்று, ‘ஆண்டின் சிறந்த நூல்’ பரிசுக்கே பரிந்துரைத்தார். பலமுறை மறுபதிப்புக் கண்ட நூல் அது. ஒரு துறைமுக ஊரில் காணாமற்போகும் சிலையைச் சிறுவர் குழு ஒன்று தேடிக் கண்டுபிடிக்கும் கதை. நூலகத்திலுள்ள படிகள் அலமாரிக்குத் திரும்புவதே இல்லை. ஒரு கை கொடுத்ததும் மறு கை வாங்கிக்கொள்ளும். பரிந்துரைக் கடிதத்தோடு, இரவல் பதிவேட்டில் அந்நூலுக்குரிய பக்கத்தின் நகலையும் மாணவி இணைத்திருந்தார். ‘இந்த ஊரில் வேறு எந்தப் புத்தகத்தையும் இத்தனை பேர் படிக்கவில்லை’ என்பது கடிதத்தின் சாரம்.

முதற்கூட்டம்

நடுவர்கள் மூவர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஆரம்பச் சுகாதார நிலையத்தில் பணிபுரியும் செவிலியர், படகு உரிமையாளரும் தீவிர வாசகருமான ஒரு மூத்தவர். தமிழாசிரியரை ஊரே ‘வாத்தியார் ஐயா’ என்கிறது. படகு உரிமையாளரை அனைவரும் ‘காக்கா’ (எங்கள் பக்கத்து வழக்கில் அண்ணன்) என்றே அழைக்கிறோம்.

வாத்தியார் ஐயா கடிதத்தைப் படித்து முடித்ததும் சொன்னது குறிப்பேட்டில் அப்படியே இருக்கிறது: ‘பிள்ளைகள் படிக்கிற கதை. நல்ல கதையாகவே இருக்கட்டும். அதற்கென்று ஒரு பரிசு வைத்திருக்கிறோம். அங்கே அனுப்புவோம்.’ செவிலியர் மறுக்கவில்லை. காக்கா, தாம் இன்னும் அந்நூலைப் படிக்கவில்லை என்றார். படித்துவிட்டுப் பேசலாமே என்றும் கேட்டார். சிறார் நூலைப் படிக்காமலே அது எந்த வரிசையைச் சேர்ந்தது என்று முடிவுசெய்ய முடியும் என்பதே மற்ற இருவரின் நிலையாக இருந்தது. நூல் சிறார் பட்டியலுக்கு அனுப்பப்பட்டது.

மறுநாளே மாணவியும் அவருடைய தோழியர் சிலரும் ஒரு கடிதம் எழுதி நூலகரிடம் கொடுத்தனர். அவர்கள் பரிசு கேட்கவில்லை; நூலை ஒருவராவது படித்தாரா என்று மட்டும் கேட்டிருந்தார்கள். அக்கேள்விக்கு விடை சொல்ல முடியாததால்தான் கூட்டம் மீண்டும் கூட்டப்பட்டது.

வெளியிலிருந்து வந்த முன்னுதாரணங்கள்

இரண்டாம் கூட்டத்துக்கு முன், இதே கேள்வி பிற இடங்களில் எவ்வாறு கையாளப்பட்டது என்று ஒரு குறிப்புத் தயாரிக்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. அக்குறிப்பில் மிகப் பயன்பட்டது பிரிட்டனின் விட்பிரெட் பரிசு. முதல் நாவல், நாவல், வாழ்க்கை வரலாறு, கவிதை, சிறார் நூல் ஆகிய ஐந்து பிரிவுகளிலும் தனித்தனியே ஒரு நூலைத் தேர்ந்து, அந்த ஐந்தையும் ஒரே மேசையில் வைத்து ஆண்டின் சிறந்த நூலைத் தெரிவுசெய்வது அதன் முறையாக இருந்தது. 1999ஆம் ஆண்டுப் பரிசுக்கு, ஜே.கே. ரௌலிங்கின் ஹாரி பாட்டர் வரிசையின் மூன்றாம் நூல் சிறார் பிரிவில் வென்று இறுதிச் சுற்றுக்கு வந்தது. எதிரே நின்றது பழைய ஆங்கிலக் காப்பியமான பேவுல்ஃபுக்கு ஷேமஸ் ஹீனி செய்த மொழியாக்கம். ஹீனி ஏற்கெனவே 1995இல் நோபல் பரிசு பெற்றவர். ஹீனியே வென்றார், ஆனால் மயிரிழையில். நடுவர்களுக்குள் எழுந்த பூசல் செய்தித்தாள்களில் பல நாள் நீடித்தது.

இரண்டே ஆண்டுகளில் காட்சி மாறிற்று. 2001ஆம் ஆண்டுப் பரிசு, ஃபிலிப் புல்மனின் ‘ஆம்பர் ஸ்பைகிளாஸ்’ நூலுக்கு வழங்கப்பட்டது. சிறார் பிரிவிலிருந்து வந்து ஆண்டின் சிறந்த நூலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் நூல் அதுவே. அந்நூல் அதே ஆண்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலிலும் இடம்பெற்றது. பின்னர் கோஸ்டா என்று பெயர் மாறிய அப்பரிசு, 2015ஆம் ஆண்டுக்கு ஃபிரான்சஸ் ஹார்டிங்கின் சிறார் நாவலை மீண்டும் முதன்மையாகத் தேர்ந்தது. 2022இல் பரிசே நிறுத்தப்பட்டது. இந்த வரலாற்றில் என்னை ஈர்த்தது வெற்றியைவிடத் தோல்விதான். 1999இல் ரௌலிங்கின் நூல் படிக்கப்பட்டு, வாதிடப்பட்டு, தோற்றது. அந்தத் தோல்வியில் அவமதிப்பு இல்லை. எங்கள் ஊரில் நடந்தது அதுவன்று.

நோபல் பரிசு வேறொரு வகைச் சான்று. 1907இல் அதைப் பெற்ற கிப்ளிங்கையும் 1909இல் பெற்ற செல்மா லாகர்லோவையும் உலகம் இன்று பெரும்பாலும் அவர்களுடைய சிறார் நூல்களால்தான் நினைவில் வைத்திருக்கிறது. லாகர்லோவ், சுவீடன் நாட்டு ஆசிரியர் சங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க, பள்ளிப் பிள்ளைகள் தம் நாட்டின் நிலவியலைக் கற்பதற்காக எழுதிய கதைநூல் 1906, 1907ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. விரலளவாகச் சுருங்கிய ஒரு சிறுவன் வாத்தின் முதுகிலேறி நாடு முழுவதும் பறக்கும் கதை அது. தனுஷ்கோடிப் பக்கத்து நீர்ப்பரப்பில் பூநாரைகள் வந்திறங்கும் மாதங்களில் எங்கள் நூலகத்தில் அக்கதையைச் சொன்னால், பறவையின் முதுகில் ஏறினால் முதலில் எந்த ஊர் தெரியும் என்று பிள்ளைகள் சண்டையிடுவார்கள். லாகர்லோவுக்கு விருது கிடைத்தது அவருடைய எழுத்து முழுமைக்குமாகத்தான். ஆயினும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதியதை ஒரு குறையாக விருதுக்குழு கருதவில்லை. மாறாக, அதே நாட்டைச் சேர்ந்த ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் உலகெங்கும் படிக்கப்பட்டும் நோபல் பெறாமலே 2002இல் மறைந்தார். அவர் பெயரால் சுவீடன் அரசு அதே ஆண்டில் நிறுவிய சிறார் இலக்கிய விருதின் தொகை 50 லட்சம் குரோனர். தனி விருது என்றால் பாதி விருதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்பதற்கு இதைக் காட்டினேன்.

தமிழில் நிலைமை சற்று விசித்திரமானது. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் பிள்ளைகளுக்கான நூல்கள் என்பதால் ஒளவையின் மதிப்பு எவரிடமும் குறைந்ததில்லை. பாப்பாப் பாட்டுப் பாடியதால் பாரதி சிறிய கவிஞராகிவிடவுமில்லை. எளிய நடை உயர் விருதுக்குத் தடையாக இருந்தது என்றும் சொல்ல முடியாது: 1958இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ராஜாஜியின் ‘சக்கரவர்த்தித் திருமகன்’, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளையும் தொடரக்கூடிய இராமாயணம், சேதுக்கரையில் பிறந்த எங்களுக்கு அது வீட்டுக் கதை. கு. அழகிரிசாமிக்கு 1970இல் விருது பெற்றுத்தந்த தொகுதியின் தலைப்புக் கதையான ‘அன்பளிப்பு’ முழுக்க முழுக்கக் குழந்தைகளைப் பற்றியது. ஒரு சிறுவனின் ஏமாற்றத்தை அதைவிட நுட்பமாக எழுதிய கதை தமிழில் அரிது. ஆக, குழந்தையைப் பற்றி எழுதலாம், குழந்தைக்கும் புரியும்படி எழுதலாம். குழந்தைக்காகவே எழுதினால் மட்டும் வரிசை மாறிவிடுகிறது. பாரதிதாசன் சிறுவர்க்கெனப் பாடிய ‘இளைஞர் இலக்கியம்’ இருக்க, 1969இல் அகாதெமி அவருக்கு விருதளித்தது ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்கு. வாழ்நாள் முழுவதையும் சிறார் பாடல்களுக்குக் கொடுத்த அழ. வள்ளியப்பா அந்த விருதைக் கண்டதில்லை.

நூலைப் படித்தபின்

இரண்டாம் கூட்டத்தின் முன் நிபந்தனை ஒன்றைக் காக்கா வைத்தார். நடுவர் மூவரும் நாவலைப் படிக்க வேண்டும். படித்தபின் நூலகத்தில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து அதன் சில இயல்களை உரக்க வாசிக்கவும் வேண்டும். அதோடு, சிறார் பட்டியலில் யாரும் இரவல் வாங்காமல் கிடந்த மற்றொரு நூலையும் வாசிக்கும்படி நூலகர் கேட்டுக்கொண்டார். அது படங்களோடு கூடிய மெல்லிய நூல். தீவுகளுக்குப் பக்கத்தில் மூழ்கிப் பாசி எடுக்கும் ஒரு பாட்டியும், கரையில் அவளுக்காகக் காத்திருக்கும் பேத்தியும்தான் அதிலுள்ள மாந்தர்.

துப்பறியும் நாவலின் வலிமை முதல் வாசிப்பிலேயே விளங்கிற்று. இயலின் இறுதியில் நிறுத்தினால் பிள்ளைகள் நிறுத்தவிடவில்லை. கதையின் முடிச்சுகளை அந்த ஆசிரியர் போடும் விதத்தில் உண்மையான தேர்ச்சி இருக்கிறது என்று செவிலியர் வெளிப்படையாகவே சொன்னார். பெரியவர்களுக்கான நாவல்கள் பலவற்றில் அவர் அந்தத் தேர்ச்சியைக் கண்டதில்லையாம். குறைகள் அதன்பிறகே புலப்பட்டன. திருடன் யாரென்பது அவனுடைய முகத்தை வருணிக்கும் முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது, ஏனெனில் அழகற்றவன் கெட்டவனாகவே இருக்கிறான். குழுவில் ஒரு சிறுமி இருக்கிறாள். அவள் வேலை சாப்பாடு எடுத்து வருவது. முடிச்சைச் சிறுவர்கள் அவிழ்ப்பதுபோல் தொடங்கி, கடைசியில் தற்செயலாக வரும் காவல் அதிகாரி அவிழ்க்கிறார்.

இவை போதாதென்று, ஆடி மாதத்தில் வாடைக்காற்று வீசுகிறது. ‘ஆடியில் வாடை அடிக்குமா, தம்பி?’ என்று காக்கா என்னைப் பார்த்துக் கேட்டதற்குள், பின்வரிசையிலிருந்து ஓர் ஆறாம் வகுப்பு மாணவன், ‘கச்சான்தான் அடிக்கும், நான் அப்பவே சொன்னேன்’ என்றான். வாடை வடக்கிலிருந்து வருவது, கச்சான் மேற்கிலிருந்து வருவது. கேட்டுப் பார்த்ததில், அந்த நாவலை விரும்பிப் படித்த பிள்ளைகளில் பலரும் இந்தத் தவற்றை ஏற்கெனவே அறிந்திருந்தார்கள். துறைமுகத்து மீனவர்கள் திரைப்படத்தில் வரும் சென்னைக்காரர்கள்போலப் பேசுவதையும் அவர்கள் நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். பிடித்த நூலின் குறையை அறிந்தும் அதை விரும்பும் பக்குவம் அவர்களுக்கு இருந்தது. நூலைப் படிக்காமலே ஒதுக்கிய முதற்கூட்டத்தில் இருந்ததைவிட, அந்த அறையில் திறனாய்வு மிகுதியாக இருந்தது என்பது என் கருத்து.

மெல்லிய நூலின் கதை வேறு. முதல் வாசிப்பில் பிள்ளைகள் நெளிந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அதைச் சின்னப் பிள்ளைகள் கதை என்று சொல்லி வெளியேறினார்கள். அவர்கள் பின்னரும் மனம் மாறவில்லை. ஆனால் சிறியவர்கள் அடுத்த வாரமும் அதை வாசிக்கச் சொன்னார்கள். பாட்டி விரல்களில் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொள்கிறாள். எதற்கு என்று ஆசிரியர் விளக்கவில்லை. பவளப்பாறையில் கை கிழியும் என்பதை அறிந்த பிள்ளை அறியாத பிள்ளைக்குச் சொல்கிறது. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளின் எல்லையைப் பற்றி நூல் பெயரளவில்கூடப் பேசவில்லை. ஆயினும், தன் தாய் போய்வந்த இடத்துக்குத் தான் போகக்கூடாதென்று ஒருவர் சொன்னதைப் பாட்டி பேத்தியிடம் ஒரே வரியில் சொல்லிவிட்டு, பாசியை உலர்த்தப் போய்விடுகிறாள். அந்த ஒருவர் செய்தது சரியா என்பதைப் பற்றி நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அரைமணி நேரம் வாதிட்டார்கள். கடல்வளம் அழியாமல் இருக்க வேண்டாமா என்றும், பாட்டி எதைச் சாப்பிடுவாள் என்றும் இரு கட்சி. சுருங்கிய சொற்களுக்குள், எந்தப் பக்கமும் சாயாமல், இத்தனை பெரிய வழக்கை வைக்க முடிவது எழுத்தாற்றலின் எந்த அளவுகோலிலும் உயர்ந்ததே.

வாத்தியார் ஐயாவும் இதை ஒப்புக்கொண்டார். அவருடைய எதிர்ப்பு இப்போது வேறு இடத்தில் வேர்கொண்டது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

எங்கே பிழை நேர்ந்தது

முதற்கூட்டத்தின் முடிவு, விளைவை மட்டும் பார்த்தால், சரியே. துப்பறியும் நாவல் ஆண்டின் சிறந்த நூலன்று. அதை மூன்று நடுவர்களும் படித்தபின் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் முதலில் சொன்ன காரணம் நூலைப் பற்றியதன்று, அதை வாசிப்பவர்களின் வயதைப் பற்றியது. அந்தக் காரணத்தை ஏற்றால், பாசி எடுக்கும் பாட்டியின் கதையும் அதே கதவுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். தீர்ப்பு ஒரு நூலுக்குப் பொருந்துவதால் அதன் காரணம் எல்லா நூலுக்கும் பொருந்திவிடாது.

மாணவியின் கடிதத்திலும் இதற்கு இணையான ஒரு பிழை உண்டு. இரவல் பதிவேடு ஒரு நூலின் வாசகர் பரப்பைக் காட்டுமே தவிர அதன் தரத்தைக் காட்டாது. அதே பதிவேட்டை அளவுகோலாகக் கொண்டிருந்தால், எவரும் தொடாமல் கிடந்த மெல்லிய நூலை நூலகர் மேசைக்குக் கொண்டுவந்திருக்கவே முடியாது. புகழைக் கண்டு ஒரு நூலை உயர்த்துவதும், அதே புகழைக் கண்டு ஐயுற்றுத் தாழ்த்துவதும் ஒரே தவற்றின் இரு வடிவங்கள். இரண்டும் நூலைத் திறந்து பார்க்கும் வேலையிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன. மாணவியின் பக்கம் ஒன்றுமட்டும் சொல்ல வேண்டும்: அவர் அந்நூலைப் படித்துவிட்டுத்தான் வாதிட்டார்.

சிறார் நூலை முதன்மைப் பரிசுக்கு எடுத்துக்கொள்வதென்றால் அதற்குத் தளர்த்திய அளவுகோல் வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறைந்த சொற்கள், விளக்கத்தில் நீள முடியாத கட்டாயம், சலிப்பைச் சகித்துக்கொள்ளாத வாசகர் ஆகிய இத்தடைகளுக்கு உள்ளே நின்று எழுதுவதை மதிப்பிட, வெண்பாவின் தளையை மதிக்கத் தெரிந்த நமக்குப் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 2023இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடியைக் களமாகக் கொண்டது. அதைப் படித்த எங்கள் பிள்ளைகள், வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் கிடைத்த பழம்பொருள்களைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். அத்தகைய நூலை வரலாற்று நாவல்களின் வரிசையில் வைத்து, அதே கண்டிப்போடு, குறைநிறைகளைப் பேசியிருக்கலாம். தனி அலமாரியில் வைத்ததால் அந்த உரையாடல் நடக்கவில்லை. நூலுக்குப் பாராட்டுக் கிடைத்தது, திறனாய்வு கிடைக்கவில்லை.

திருத்தப்பட்ட விதியும் பதிவான மறுப்பும்

சிறார் பரிசை ஒழித்துவிட்டு ஒரே பரிசாக்கலாம் என்று காக்கா முன்மொழிந்தார். அதைச் செவிலியர் கடுமையாக எதிர்த்தார். தனிப் பரிசு இல்லாவிட்டால் நடுவர்கள் சிறார் நூல்களைப் படிக்கவே மாட்டார்கள் என்பதும், பெரியவர்கள் மட்டும் அமர்ந்த மேசையில் அவை சத்தமில்லாமல் மறைந்துபோகும் என்பதும் அவருடைய வாதம். முதற்கூட்டத்தில் தாமே நடந்துகொண்ட விதத்தை அவர் அதற்குச் சான்றாகக் காட்டினார். அதை மறுக்க யாராலும் முடியவில்லை. இறுதியில் விட்பிரெட் முறையைத் தழுவிய ஏற்பாடு ஒன்று ஏற்கப்பட்டது. சிறார் பரிசு நீடிக்கும். அதன் தொகை முதற்பரிசுக்குச் சமமாக உயரும். அதில் வெல்லும் நூல் தானாகவே முதற்பரிசின் இறுதிச் சுற்றுக்குச் செல்லும். பட்டியலிலுள்ள சிறார் நூல்களை நடுவர்கள் பிள்ளைகளோடு அமர்ந்து வாசிக்க வேண்டும்.

அந்த ஆண்டு முதற்பரிசு, வாலிநோக்கம் பக்கத்து உப்பளத் தொழிலாளரைப் பற்றிய ஒரு நாவலுக்குச் சென்றது. பாசி எடுக்கும் பாட்டியின் கதை சிறார் பரிசை வென்று இறுதிச் சுற்றில் நின்றது; காக்காவின் வாக்கு அதற்கே விழுந்தது. மற்ற இரு வாக்குகளும் உப்பள நாவலுக்கு. அந்த நாவலை நானும் படித்தேன். அது வென்றதில் எனக்குக் குறையில்லை. துப்பறியும் நாவலுக்கு எதுவும் கிடைக்கவில்லை. தான் பரிந்துரைத்த நூலின் குறைகளை நடுவர்கள் எழுதிக்கொடுத்த பக்கத்தை மாணவி வாங்கிப் படித்து, சிறுமியைப் பற்றிய குறையை ஏற்றுக்கொண்டு, முடிவைப் பற்றிய குறையை ஏற்க மறுத்து, அதற்கு மூன்று பக்கத்தில் பதில் எழுதியிருக்கிறார். பதில் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது.

தொகையைச் சமமாக்குவதற்கு நன்கொடையாளர்களில் ஒருவர் இன்னும் இசையவில்லை. வாத்தியார் ஐயா புதிய விதியில் கையெழுத்திட்டார், ஆனால் தம் மறுப்பைத் தம் சொற்களிலேயே குறிப்பேட்டில் எழுதினார்: சிறார் நூல் முதற்பரிசுக்கு வருவதில் தமக்கு இப்போது தடையில்லை, எனினும் பெரியவர்களின் பரிசை நோக்கி எழுதத் தொடங்கும் எழுத்தாளர், பிள்ளைகளை விட்டுவிட்டு நடுவர்களுக்காக எழுதத் தொடங்கிவிடுவார் என்று தாம் அஞ்சுவதாகவும், பிள்ளைகளோடு வாசிக்கும் நிபந்தனையை எக்காலத்திலும் நீக்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது.